கிழக்குக் கம்பி

மச்சான் ராதுவின் டாக்ஸி மலைச்சாலையில் அறுபது கிலோமீட்டர் போன பிறகுதான் மெக்கானிக் லாந்துவுக்குத் தான் செய்த தப்பு உறைத்தது.

டாக்ஸியின் முன்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு முறுக்குக் கம்பிகளில் ஒன்று ஒடிந்து, மற்றதும் விரிசல் விட்டிருந்தது. கடையில் புதுசு இல்லை. லாந்து தன் சொந்த வண்டியின் கம்பிகளையே கழற்றிப் பூட்டிக் கொடுத்தான். அந்த ஊரில் யாரும் இடம் வலம் பார்ப்பதில்லை, சட்டியை நகர்த்தச் சொன்னால்கூட வடக்கே தள்ளு என்றுதான் சொல்வார்கள். கிழக்கே கழற்றியதைக் கிழக்கே பூட்டினான், மேற்கே கழற்றியதை மேற்கே. பட்டறையில் வண்டிகள் எப்போதும் வடக்கு பார்த்துத்தான் நிற்கும். இன்று மட்டும் இடமில்லாமல் டாக்ஸியை எதிரே தெற்கு பார்த்து நிறுத்தியிருந்தான், பாவி.

போன் போட்டான்.

"மச்சான், வண்டிய நிறுத்து. கம்பிய இடம் வலம் மாத்திப் பூட்டித் தொலைச்சிட்டேன்."

"நீயா? கண்ணக் கட்டிவிட்டாலும் சரியாப் பூட்டுவியே. உன் கம்பியக் குடுத்துட்டு இப்ப வயித்தெரிச்சலா?"

"விளையாடாதே. இத்தனை வருஷம் ஒரே பக்கமா முறுகிப் பழகினது. எதிர்ப்பக்கம் முறுக்கினா ஒடிஞ்சிரும்."

"ரெண்டு மணிக்குக் கல்லறை திறக்கணும். நாள் பார்த்தவர் குறிச்ச நேரம். புதுப் பட்டு சுத்திக்க எங்கப்பா உள்ளே எலும்பாக் காத்திருக்கார். நாளைக்கு வாங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"பாக்குலிகிட்டக் குடு."

மனைவியின் குரல் தூக்கக் கலக்கத்தில் வந்தது. "பாப்பா மடியில தூங்குது. வண்டி மெத்துனு போகுது. நீங்க சோறு ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

"அண்ணன நிறுத்தச் சொல்லு, பாக்குலி. கெஞ்சிக் கேக்கறேன்."

"இறக்கம் வருது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தான். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்தாலும் அதற்குள் அவர்கள் இறக்கத்தைத் தாண்டியிருப்பார்கள். வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்தான்.

ஒன்றேகாலுக்கு ராது கூப்பிட்டான். பின்னால் குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. அழுகிறதே, உயிரோடு இருக்கிறதே என்று லாந்து சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"லாந்து, பாக்குலி கண்ணு திறக்க மாட்டேங்கறா. ரோட்ல ஒரு வண்டியும் இல்ல. உன் வண்டிய எடுத்துட்டு சீக்கிரம் வா."

கம்பிகளைக் கொடுத்துவிட்ட லாந்துவின் வண்டி முன்பக்கம் வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்தது.

"வரேன், மச்சான்" என்றான்.