பக்கத்து இருக்கைப் பாடம்

"ரெண்டுல போடு. ரெண்டுல போடுன்னா கேக்க மாட்டியா? வண்டி முனகுது பாரு."

அவள் இரண்டாம் கியரில்தான் போட்டிருந்தாள். அதைச் சொன்னால் தனியாக ஒரு பிரசங்கம் கேட்க வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

காலையிலிருந்தே அப்பாவுக்கு நெஞ்சு கனமாக இருந்தது. ஆம்புலன்ஸ் கூடவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர், எவனோ ஓட்டுகிற வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போவாரா? "நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். அம்மாவுக்கு மூட்டு வலி, படியிறங்கவே கால் மணி நேரம் ஆகும். அதனால் வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

பயிற்சி வண்டியில் சொல்லித் தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மகளின் வண்டியில் கிடையாது. ஆனாலும் அவர் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

வீட்டில் அம்மா அவருடைய பேச்சைத் தரம் பிரித்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது வருவது உபதேசம். செருப்பு இடம் மாறிக் கிடந்தால் அர்ச்சனை. மதிப்பெண் குறைந்தால் டோஸ். ஒன்றுமே நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுக்கூட்டம். பள்ளி விட்டு வந்ததும் "இன்னைக்கு எதும்மா?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் அவளும் தம்பியும் உள்ளே நுழைவார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆகியும் வகுப்பு மட்டும் முடிந்தபாடில்லை.

"கண்ணாடியப் பாரு. பின்னால ஒருத்தன் ஒட்டிக்கிட்டு வர்றான்."

"பாத்தேன்பா."

"எங்க பாத்த? கண்ணு அசையவே இல்ல. நான் உன்னத்தான பாத்துட்டு வர்றேன்."

"என்னைப் பாக்க வேணாம். கண்ண மூடிச் சாஞ்சுக்கோங்க. பேசக் கூடாதுன்னு டாக்டர் ஃபோன்ல சொன்னாருல்ல?"

"டாக்டருக்கு என்ன தெரியும்? இண்டிகேட்டர் போடு. திரும்புறதுக்கு முன்னாடி போடணும், திரும்பிட்டு இல்ல. ஒரு கல்லுக்குச் சொல்லிக்குடுத்திருந்தா இந்நேரம்…"

மூச்சு வாங்க நிறுத்தினார். முகம் வியர்த்து வழிந்தது. பேசிப் பேசியே இருக்கிற மூச்சையும் தீர்த்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"வாயை மூடுங்கப்பா! ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு வாங்க. உயிர வாங்காதீங்க!"

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள் அவள். ஆட்களை வாயைத் திறக்கச் சொல்வதே பிழைப்பு. அப்பாவை மூடச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வண்டிக்குள் சத்தமே இல்லை. பாலம் ஏறி இறங்கியது. இரண்டு சிக்னல் கடந்தது. வேண்டுமென்றே இண்டிகேட்டர் போடாமல் ஒரு திருப்பம் திரும்பிப் பார்த்தாள். அதற்கும் பேச்சில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தார். கோபமாக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனவர்கள் இருபது நிமிடத்தில் கதவைத் திறந்தார்கள்.

"வரும்போதே உயிர் இல்லம்மா. கடைசியா எப்போ பேசினாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"பாலத்துக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம் அசைஞ்சாரா? முனகினாரா?"

"நான் பாக்கல" என்றாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அத்தை ஒரு மூச்சு ஓதினாள். பெரியப்பா ஆரம்பித்தது ரத்தக் கொதிப்பில், வந்து நின்றது இந்தக் காலத்துப் பிள்ளைகளில். எல்லோர் வாயிலும் அவளே விழுந்து எழுந்தாள். ஓதி முடித்த ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்டார்கள்: "கடைசியா என்ன சொன்னாரு?" தம்பியும் ஃபோனில் அதையேதான் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்று அத்தனை பேருக்கும் சொன்னாள்.

அம்மா படுக்கையறையில் அவருக்குப் போட ஒரு சட்டை தேடிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நான் அவர வாயை மூடச் சொல்லிட்டேன். அதுதாம்மா அவர் காதுல கடைசியா விழுந்தது."

"எப்பிடிச் சொன்ன?"

"கத்தினேன்."

"மூடினாரா?"

"உடனே."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாப்பத்தாறு வருஷமா நானும் சொல்றேன். கெஞ்சிச் சொல்லிருக்கேன், அழுது சொல்லிருக்கேன், தட்டத் தூக்கி எறிஞ்சு சொல்லிருக்கேன். ஒரு நாள் மூடினதில்ல, ரெண்டு மடங்கு பேசுவாரு. நீ சொன்னதுக்கா மூடிடப் போறாரு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காதுல விழுந்திருந்தா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உன்ன வறுத்தெடுத்திருப்பாருடி. விழல. நீ கத்துறதுக்குள்ள போய்ட்டாரு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கட்டிலில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதாள். அம்மா தேற்றவில்லை. ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காலரைத் திருப்பினாள். உள்பக்கம் அழுக்கு கோடாகப் படிந்திருந்தது.

"கழுத்தத் தொடச்சிட்டுச் சட்டையப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? சொன்னா ஏதாவது மண்டையில ஏறுதா?"

சொல்லிவிட்டு, பதிலுக்கு இடம் விடுகிறவளைப் போல அம்மா சற்று நேரம் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள்.