ரத்து செய்ய லைசென்ஸ் இல்லை

அமெரிக்காவில் எங்கள் ஊர் ஷெரிப் அலுவலகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் கவுண்டர் என்னுடையது. துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே நடமாட வேண்டுமென்றால் ஒரு நாள் வகுப்பு, சுடும் தேர்வு, ஆசிரியரின் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் என்னிடம் வர முடியும். பத்தொன்பது வருஷம் இப்படித்தான் போனது.

வகுப்பெடுத்தவர் ஓரின் என்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரர். வென்டெல் டாக்கெட்டுக்கு அவர் இரண்டு முறை கையெழுத்துப் போட மறுத்தார். வென்டெல் கெட்டவனில்லை. டயர் கடை வைத்திருந்தான். ஒரு மாலை கடை பூட்டும் நேரத்தில் இரண்டு பேர் புகுந்து அவன் தாடையை உடைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தாலே திடுக்கிடுவான். ஆனால் தேர்வில் குண்டு நிரப்பிய பிஸ்டலோடு அப்படியே திரும்பி, பின்னால் நின்றவர்களிடம் ஜோக் அடித்திருக்கிறான். இரண்டாம் முறையும் அதே.

நேரே என்னிடம் வந்து சண்டை பிடித்தான்.

“அரசியல் சாசனம் எனக்குக் குடுத்த உரிமை இது, மிஸ் வெர்னா. நான் சர்ச்சுக்குப் போக ஓரின் கையெழுத்துப் போடணுமா? ஓட்டுப் போட அவர் கையெழுத்து வேணுமா? இதுக்கு மட்டும் எதுக்கு?”

அவன் கேட்டதை அப்படியே ஓரினிடம் சொன்னேன். சட்டப்படி அவன் பேசுவது சரியாகவே இருக்கலாம், ஆனால் அவன் கையில் துப்பாக்கி இருக்கும்போது பக்கத்தில் நிற்கமாட்டேன் என்றார்.

அடுத்த ஜூலையில் சட்டம் மாறியது. லைசென்ஸ் இனி கட்டாயமில்லை, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். முதல் நாளே வென்டெல் ஒரு பெட்டி டோனட்டோடு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். உறைகூட இல்லை. பிஸ்டலைப் பேன்ட்டில் வெறுமனே செருகியிருந்தான்.

“ஓரினுக்கும் ரெண்டு எடுத்து வைங்க. மனுஷனுக்கு இனிமே வேலை இல்லையே.”

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு டோனட்டும் தின்றேன்.

அக்டோபரில் சர்ச் விருந்து. என் தங்கை ஜூனி எல்லோருக்கும் ஐஸ் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். வென்டெல் நாற்காலிகளை மடக்கக் குனிந்தான். இடுப்பிலிருந்து பிஸ்டல் நழுவியது. கீழே விழாமல் பிடிக்கப் பார்த்தான். வெடித்தது. ஜூனி கையில் ஜாடியோடு, யாரோ உட்காரச் சொன்னதுபோல, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் ஓடிவந்தவன் வென்டெல்தான். அழுதுகொண்டே தன் பெல்ட்டை உருவி அவள் தொடையை இறுக்கிக் கட்டினான். அதனால்தான் உயிர் மிஞ்சியது என்றார் டாக்டர். கால் மிஞ்சவில்லை.

விபத்து என்று முடிவானது. சின்ன அபராதம், அவ்வளவுதான். இனி அவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளாதபடி ஏதாவது செய்யுங்கள் என்று ஷெரிப்பிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“லைசென்ஸ் இருந்தா இன்னிக்கே ரத்து பண்ணிடுவேன், வெர்னா. அவன்கிட்ட இல்லாததை நான் எப்படிப் பிடுங்கறது?”

விசாரணைக்காக எங்கள் அலுவலகம் எடுத்து வைத்திருந்த பிஸ்டலைத் திரும்ப வாங்க பிப்ரவரியில் வென்டெல் வந்தான். அதை ஒப்படைக்கும் வேலையும் என் கவுண்டரில்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

“கடையில தனியா இருக்கேன், மிஸ் வெர்னா. அது இல்லாம சாயங்காலம் ஷட்டரை இறக்க முடியல.”

ஜூனிக்காகத் தினமும் ஜெபிப்பதாகச் சொன்னான். அது பொய்யில்லை என்று தெரிந்தது. உறை வாங்கினாயா என்று கேட்டேன். வாங்கணும் என்றான். கையெழுத்தை வாங்கிக்கொண்டு பிஸ்டலைக் கொடுத்தேன்.

வீட்டில் ஜூனி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல. ஒரு நாளாவது.”

வேலை போய்விடும் என்றேன். தலையாட்டினாள். அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டாள்.