பேசாத தாய்க்கு ஒரு பொன்னாடை

அபினாவின் பேச்சு ஓணத்துக்கு முன்பே நின்றுவிட்டது. யுகேஜி பிள்ளை. ஜூன் மாதம் சேர்ந்த புதிதில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளின் காது புளிக்கப் பேசியவள். இப்போது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஒன்றுக்கு வந்தால் சுண்டுவிரலைக் காட்டுவாள். டீச்சர் கவனிக்காவிட்டால் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த டீச்சர் ஜிஷா. மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் துணை வகுப்பு அவளுடைய பொறுப்பு. வீட்டில் இங்கிலீஷ் புழங்காத பிள்ளைகளை தினமும் ஒரு பீரியட் தனியே உட்கார வைத்து, பாட்டும் படமும் விளையாட்டுமாக அந்த மொழியைப் பழக்குவதுதான் துணை வகுப்பு. மற்ற பிள்ளைகளெல்லாம் மெல்ல மெல்லத் தேறிவர, அபினா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரஸ்பாண்டன்ட் ஞானசிங்கிடம் போய்ச் சொன்னாள் ஜிஷா. அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"கடப்புறத்துப் பிள்ளையளுக்கு அவ்வளவுதான் டீச்சர் மூளை. அரைப்பரீட்சை வரை பாப்போம். பேசல்லேன்னா எல்கேஜில கொண்டு இருத்துவோம்."

குச்சியில் வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்தார். ஜிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். துணை வகுப்பு என்றால் என்ன, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவதற்காகத்தான் கூட்டியது. ஐந்து நிமிடம் பேச ஜிஷா அனுமதி கேட்டிருந்தாள். "நான் முடிச்ச பொறவு" என்றார் ஞானசிங். இங்கிலீஷ் தெரியாத தாய்தகப்பன்மாரைக் கூட்டி உட்கார வைத்து, இங்கிலீஷ் வகுப்பு என்றால் என்னவென்று இங்கிலீஷிலேயே முக்கால் மணி நேரம் விளக்கினார் அந்த மனுஷன். சுசீந்திரத்து வயற்காட்டில் பிறந்து வளர்ந்தவர். போனில் டிரைவரை வைகிறபோது வாயில் வருகிற தமிழைக் காது கொண்டு கேட்க முடியாது. மைக்கைப் பிடித்தால் மட்டும் நாக்கு கப்பல் ஏறிவிடும். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் ஜனங்கள் கை தட்டினார்கள்.

கடைசியில் ஒரு வழியாகத் தமிழுக்கு வந்தார்.

"வீட்டுல தமிழ் ஒரு சொல்லு வரப்பிடாது. இங்கிலீஷ் தெரியாதவிய வாய மூடிட்டு சும்மா இருங்க. அதுவே பிள்ளையளுக்குப் பெரிய உதவி. அட்மிஷன் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டிய?"

பின்வரிசையில் ஒரு கை பயந்து பயந்து உயர்ந்தது. இசபெல். அபினாவின் அம்மா. புருஷன் செல்வன் மஸ்கட்டில் இருக்கிறான்.

ஞானசிங் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, வீட்டில் எப்படி வாயை மூடியிருந்தாய் என்று கேட்டு மைக்கை நீட்டினார். அவள் வாயே திறக்கவில்லை.

"பாத்தியளா, இங்கயும் பேசல்ல" என்றார். கூட்டம் சிரித்தது. வராமல் போன சிறப்பு விருந்தினருக்கு வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். பேசாமல் இருந்ததற்கு மரியாதை.

அபினாவின் பேச்சு எதனால் நின்றதென்று ஜிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தாள். "டீ ஆறிட்டு போவுது டீச்சர், இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்று அவளை உட்கார வைத்துவிட்டு உழுந்தவடைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார் ஞானசிங். எண்ணெய் விரலை மேஜை விரிப்பில் துடைத்தார். துப்ப வேண்டும் போலிருந்தது ஜிஷாவுக்கு. துப்பாமல் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அங்கே அபினாவைக் கையில் பிடித்துக்கொண்டு இசபெல் நின்றாள்.

"வீட்டுல இவகிட்ட எப்பிடிப் பேசுவிய?"

இசபெல் பள்ளிக்கூட கேட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கம், ஈட், ஸ்லீப், நோ. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் டீச்சர். மொதல்ல ஓயாம கேள்வி கேப்பா. நான் கேக்காத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கிடுவேன். கொஞ்ச நாளு காலக் கெட்டிப் பிடிச்சு அழுதா. பொறவு அவளே நிறுத்திட்டா. பிள்ளை பழகிட்டுன்னு மஸ்கட்டுல இருக்க அவியகிட்ட போன்ல சொன்னேன்."

பெருமையாகத்தான் சொன்னாள்.  இந்தக் கூத்துக்குக் கை தட்டிய கூட்டத்தில் தானும் உட்கார்ந்திருந்தோமே என்று ஜிஷாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இங்கிலீஷ நான் குடுக்கேன். அது எனக்க வேலை. நீங்க உங்க பேச்சக் குடுங்க. கதை சொல்லுங்க, வையுங்க, சண்டை போடுங்க. ஒரு பேச்சு நல்லா வந்தாத்தான் அதப் பிடிச்சு அடுத்த பேச்சும் வரும். இப்போ இவளுக்கு ரெண்டும் இல்ல."

இசபெலின் முகம் சுருங்கியது.

"ஸாரு படிச்சவரு. நீங்களும் படிச்சவிய. ஆளுக்கு ஒண்ணு சொன்னா நாங்க என்ன செய்யதுக்கு? எனக்க பிள்ளையும் உங்களப் போல இங்கிலீஷ் பேசிரப்பிடாதுன்னு நினைக்கியளா?"

சுருக்கென்றது ஜிஷாவுக்கு. ஆனாலும் விடவில்லை.

"எனக்க அம்மைக்கு ஏபிசிடி தெரியாது. ஆனா வாய் ஓயாது. அந்த வாயாலதான் நான் டீச்சரானேன். ஒரே ஒரு தடவ கேளுங்க. இன்னைக்கு என்ன தின்னேன்னு கேளுங்க."

இசபெல் தோளில் கிடந்த பொன்னாடையை இழுத்துச் செருகினாள். பிறகு பிள்ளையின் முன்னால் குத்தவைத்தாள்.

"மக்கா, இன்னைக்கு என்னட்டி தின்ன?"

அபினா திடுக்கிட்டுப் பள்ளிக்கூட கேட்டைப் பார்த்தாள். யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்க்கிற பார்வை. சட்டென்று தன் சின்னக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். மூச்சு முட்டும்படி அழுத்திப் பொத்தினாள்.

இசபெல் அசையவில்லை. அந்தக் கைக்கு மேலே அவள் கண் மட்டும் நிறைந்து வழிந்தது. பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து விலக்கினாள்.

"கைய எடுட்டி" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "நான் ஒனக்க அம்மையாக்கும்."