முன்பக்கத் தகடு

"பையில என்னடி, கல்லைக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்கியா?" என்றான் கணவன். வாசலில் பையை வாங்கியதும் அவன் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

உள்ளே குழந்தை பசியில் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தது. அவள் கைகால் கழுவி, யூனிஃபார்மை மாற்றிப் புடவை சுற்றிக்கொண்டு, மாமியார் கையிலிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பால் இறங்க இறங்க உடம்பு லேசானது. அதன் பிறகுதான் அவன் கேட்டது அவளுக்கு உறைத்தது. பை. கல்.

அது கல் இல்லை, தகடு.

அவள் கான்ஸ்டபிளாக இருக்கும் ஸ்டேஷனில் குண்டு துளைக்காத சட்டைகள் ஆளுக்கொன்று கிடையாது. ஒருவர் ஈரமும் சூடுமாகக் கழற்ற, அடுத்தவர் அப்படியே மாட்டிக்கொள்ள வேண்டும். எல்லாமே ஆண்கள் அளவு. அந்தச் சட்டையை ஆமை ஓடு மாதிரி 'ஓடு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவளுக்கு அதன் முன்பக்கத் தகடு பால் கட்டிய மார்பை மதியத்துக்குள் காய்ச்சல் வருமளவுக்கு அழுத்தியது. ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். "எல்லாருக்கும்தாம்மா வலிக்குது. மெத்தையா தச்சுத் தருவாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. தகட்டை உருவிவிட்டு, பழைய சீட் ஸ்பாஞ்சை அதே அளவில் வெட்டிச் சொருகிக்கொண்டாள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. டூட்டி மாறும் முன் கழிவறைக்குப் போய்த் தகட்டைத் திரும்ப வைத்துவிடுவாள்.

இன்று நீதிமன்ற வாசல் காவலில் அவளை மாற்றிவிட வேண்டிய நெட்டை ஏட்டு சீக்கிரமே வந்துவிட்டார். "வேன் கெளம்புது பாரு. சீக்கிரம் போ, மருமகன் பசியில கத்துவான்" என்று அவரே பட்டைகளைப் பிரித்து வாங்கி மாட்டிக்கொண்டார். தகடு அவள் பையிலேயே தங்கிவிட்டது.

போன மாதம் அதே வாசலில்தான் ஒருவன் சுட்டான். காவலுக்கு நின்றவரின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. தகடு இருந்ததால் அதோடு போயிற்று.

ஏட்டின் போன் அணைந்திருந்தது. இன்ஸ்பெக்டரின் எண்ணை எடுத்தாள். விரல் அதன் மேலேயே நின்றது. பிறகு போனை வைத்துவிட்டுக் குழந்தையைப் பாதியில் பிரித்தாள். அது வீறிட்டது.

"என்னங்க, வண்டிய எடுங்க."

"இப்பத்தானே வந்த?"

"எடுங்கன்னா எடுங்க."

இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் இந்நேரம் ஏட்டை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். அது தெரிந்தேதான் தகட்டை அணைத்தபடி வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த நினைப்பு திரும்ப வந்தது.

ஏட்டு வாசலில் நிமிர்ந்து நின்றிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன பாப்பா, திரும்ப வந்துட்ட? ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. இன்னைக்கு இந்த ஓடு உறுத்தவே இல்ல. என் சர்வீஸ்லயே முதுகு வலிக்காம நின்னது இன்னைக்குத்தான். ஒடம்பு பழகிடுச்சு போல."

"பழகல அண்ணே. தகடு எங்கிட்ட இருக்கு."

அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினார். விரல்கள் உள்ளே அமுங்கின.

"எப்போலேர்ந்து?"

"லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து."

அவள் ரவிக்கையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தனை நாளா இந்தப் பஞ்சை மாட்டிக்கிட்டா இங்க நின்ன?"

திட்டியிருக்கலாம். அவள் அதற்குத்தான் தயாராக வந்திருந்தாள்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நானே..."

"அதை அப்புறம் பேசிக்கலாம். குடு முதல்ல."

கைதிகளின் வேன் வரும் நேரம். வாசலை விட்டு நகர முடியாது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பட்டையைப் பிரிக்கத் தொடங்கினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றாள். வீட்டுப் புடவையில், கைகளைக் கொஞ்சம் அகட்டி. எதிர்ப்புறம் கணவன் ஒன்றும் புரியாமல் வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

ஒரு பைக் வேகம் குறைந்து வாசலுக்கு நேராக நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இறங்கினான்.

அவள் நகரவில்லை. பாதிப் பசியில் விட்டுவந்த பால் சூடாக வயிறு வரை இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பட்டை பிரியும் சத்தம் இன்னும் ஓயவில்லை.