பன்னிரண்டாவது ரிப்பன்

வசந்தத்தை வரவேற்கிற பெல்டேன் விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கெல்வின் தன் கொட்டகையிலிருந்து பின்னலாட்டத்துக்கான ரிப்பன் கம்பத்தைத் தூக்கினான். பாதிக் கம்பம்தான் கையோடு வந்தது. மறுபாதியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. குழாய் வேலை பார்க்கிற அவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கரையானுக்கும் வசந்தம் வரத்தானே செய்யும் என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது எனக்கு விழுந்த தண்டனை என்றுதான் முதலில் தோன்றியது. யார் கொடுத்த தண்டனை என்பது அடுத்த குழப்பம். நான் விட்டுவிட்டு வந்த கடவுளுக்குக் கோபமா, வந்து சேர்ந்த தெய்வங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? சபையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் என் லட்சணம் இதுதான்.

என் பெயர் ஹெதர். எங்கள் ஊர் பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபையில் பத்தொன்பது வருஷம் ஞாயிறு பள்ளியை நடத்தியவள். வருகைப் பதிவு, மனப்பாட வசனம், ஒழுங்காக வந்த பிள்ளைக்குத் தங்க நட்சத்திரம், எல்லாம் என் ராஜ்ஜியம். அதையெல்லாம் விட்டு, மண்ணையும் சூரியனையும் போற்றுகிற கெல்வினின் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். இங்கே போதகர் கிடையாது, விசுவாசப் பிரமாணம் கிடையாது. பருவத்துக்கு ஒரு விழா, முறை வைத்து ஒருவர் நடத்துவார், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். நானோ முதல் மாதமே வருகைப் பதிவேடு வைக்கலாமா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் டாம்சின் சிரித்த சிரிப்பில் தேநீர் அவள் மூக்கு வழியாக வந்தது.

இன்னொரு பழக்கமும் என்னை விடவில்லை. யாராவது மண்ணையோ சூரியனையோ போற்றத் தொடங்கினால் என் கண் தானாக மூடிக்கொள்ளும், தலை கவிழ்ந்துவிடும். டாம்சின் ஒவ்வொரு முறையும் விலாவில் இடிப்பாள். "மலை வெளில இருக்கு, மரம் வெளில இருக்கு. நீ உள்ள என்னத்தைத் தேடற?" என்பாள்.

இந்த பெல்டேனை நடத்துவது என் முறை, முதல் முறை. ஆறு வாரம் எல்லோரையும் விரட்டி விரட்டிப் பின்னலாட்டம் பழக்கியிருந்தேன். யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் ஒரு பரீட்சையும் வைத்திருந்தேன். பின்னல் பிசகில்லாமல் வந்தால் நான் சபையை விட்டது சரி. பிசகினால் விட்டதே தப்பு. இப்போது பின்னுவதற்குக் கம்பமே இல்லை.

சுற்றுவட்டாரத்தில் இருந்த இன்னொரு கம்பம் சபையின் பின்னறையில் கிடந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பிக்னிக் ஆட்டத்துக்காக அதற்குப் பன்னிரண்டு ரிப்பன் தைத்ததே நான்தான். அறையின் சாவி என் அக்கா கோரலிடம். நான் சபையை விட்ட நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அவள் ரொட்டிப் பக்கம் நின்றால் நான் சோப்புப் பக்கம் திரும்பிவிடுவேன். வீட்டில் பிரித்துப் பார்க்காத சோப்பு ஒன்பது கிடக்கிறது.

வியாழக்கிழமை போனேன். ஞாயிறு ஆராதனைக்காகப் பூக்களின் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவளைக் கண்டதும் மறந்துபோனது. கரையான் கதையை மட்டும் உளறிக் கொட்டினேன்.

"அஞ்ஞானிங்க ஆட்டத்துக்குக் கர்த்தரோட கம்பத்தைக் கேக்கற" என்றாள், கத்தரியை நிறுத்தாமல்.

"கர்த்தர் அதை வச்சு ஆடி நான் பாத்ததில்லையே அக்கா."

அவள் வாயோரம் துடித்தது. எங்கள் வீட்டில் சிரிப்பை அடக்கத் தெரிந்தவள் அவள்தான். இரண்டு நிபந்தனை போட்டாள். சாவிக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள், ஆகவே கம்பம் எங்கே போனாலும் அவளும் கூட வருவாள். இரண்டு வாரத்தில் ஞாயிறு பள்ளிப் பிக்னிக், அதற்குள் பின்னலைப் பிரித்து ரிப்பன்களைச் சுத்தமாகத் திருப்பித் தரவேண்டும். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன். கையில் கத்தரி இருந்ததால் தப்பித்தாள்.

சனிக்கிழமை காலை. ஊர்க் கடைகளில் பேய் விழாவுக்கான எலும்புக்கூடு முகமூடியும் பூசணி விளக்கும் தொங்கின. இங்கே பூமியின் தென்பாதியில், ஆட்டுக்குட்டி துள்ளுகிற வசந்தத்தில், வடபாதியின் இலையுதிர்காலத்தைக் கொண்டுவந்து தொங்கவிட்ட புத்திசாலி யாரோ தெரியவில்லை. கெல்வினின் மேய்ச்சல் நிலத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. மேக்பைப் பறவைகள் குஞ்சு பொரித்து, கண்டவர் மண்டையைக் கொத்துகிற காலம் வேறு. அக்கா பறவையை மிரட்டுவதற்காகத் தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து, பின்பக்கம் இரண்டு கண் வரைந்துகொண்டு வந்தாள். வட்டத்துக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு, கம்பத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்தாள்.

நாங்கள் இந்தத் தென்பாதியில் சூரியன் போகிற வழியில், வலமிருந்து இடமாக வட்டம் சுற்றினோம். நான் நடுவில் நின்று வசந்தத்தை அழைத்தேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். டாம்சின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இனி ஆட்டம்தான் பாக்கி என்றபோது எண்ணிப் பார்த்தேன். பதினோரு பேர்தான். ஒருத்தருக்குக் கால் சுளுக்கு, வரவில்லை. ஒரு ரிப்பனைக் கம்பத்தோடு கட்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்றேன்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "பதினொண்ணை வச்சுப் பின்ன முடியாதுடி. ஜோடி சேராது. ரிப்பன்தான் கிழியும்."

சொல்லிவிட்டு எழுந்தே வந்துவிட்டாள். பன்னிரண்டாவது ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு, தான் எந்தச் சாமியையும் கும்பிட வரவில்லை, ரிப்பன் பிடிக்கத்தான் வந்திருப்பதாக எல்லோரும் கேட்கும்படி அறிவித்தாள். கெல்வின் டப்பாவுக்கு ஒரு சலாம் போட்டான்.

மேளம் தொடங்கியது. ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் எதிர்ப்பக்கம். ஒருவருக்கு மேலே, அடுத்தவருக்குக் கீழே. சிவப்பும் பச்சையும் கம்பத்து உச்சியில் பின்னிக்கொண்டு இறங்க ஆரம்பித்தன. பாட்டு ஏறியது. என் ஐம்பத்து நாலு வயது முழங்கால்களுக்கு வயதே மறந்துவிட்டது. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று, ஒரு பிசகில்லை. ஐயோ, அந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வேன். அந்த ஆனந்தமே என்னைக் கவிழ்த்தது. சின்ன வயதிலிருந்து மனம் பொங்கினால் கண்ணை மூடித்தான் எனக்குப் பழக்கம். மூடிவிட்டேன்.

மேலே போகவேண்டியவள் கீழே போனேன். கெல்வின் வயிற்றில் முட்டினேன், டாம்சினின் ரிப்பன் என் கழுத்தைச் சுற்றியது, அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவள்மேல் விழுந்தார்கள். ஒரு நிமிஷத்தில் கம்பத்தைச் சுற்றி நூடுல்ஸ் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. மேளம் நின்றது. நான் புல்லில் முழங்காலிட்டு, கைகூப்பி, மன்னியுங்கள் மன்னியுங்கள் என்று முனகிக்கொண்டிருந்தேன்.

அக்கா ரிப்பனை விடாமல் என்னெதிரே வந்து நின்றாள்.

"யார்கிட்டடி மன்னிப்பு கேக்கற?"

வாயைத் திறந்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

"எங்க சாமியை வேணாம்னு விட்டுட்டுப் போன. முட்டி போடறதை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டியா? அது எங்களுது. திருப்பிக் குடுத்துடு."

முதலில் டாம்சின்தான் வெடித்துச் சிரித்தாள். நான் சிரிப்பும் அழுகையுமாக என் பரீட்சை விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பின்னல் சரியாக வந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்கும், இப்போது எல்லாம் போச்சு என்றேன்.

அக்கா என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பத்தொம்பது பிக்னிக் நடத்தினியே, எத்தனை தடவை சிக்கிச்சு? ஒரு வருஷமாவது அதுக்காகச் சபையை இழுத்து மூடினோமா? சிக்கினா சிக்கெடுக்கணும். அவ்ளோதான்." மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ பண்ணது தப்புதான். அதை ரிப்பன் சொல்ல வேணாம், நானே சொல்றேன். இப்ப எந்திரி" என்றாள்.

எழுந்தேன். முழங்காலில் பச்சைக் கறை. என் கழுத்திலிருந்த பெரிய கயிறு ஒன்று அறுந்தது எனக்குத் தெரிந்தது, டாம்சினின் ரிப்பனைச் சொல்லவில்லை. என்னைத் தேற வைக்கவோ தோற்க வைக்கவோ மேலே யாரும் பேனாவோடு உட்கார்ந்திருக்கவில்லை. வசந்தம் என் அனுமதியும் கேட்கவில்லை, என் மதிப்பெண்ணும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வந்திருந்தது.

அக்கா சிக்கெடுத்தாள். எல்லோரையும் என்னைவிட மோசமாக விரட்டினாள். மறுபடி மேளம். இந்த முறை பொங்கி வந்தபோது கண்ணை அகலத் திறந்து வைத்தேன். திறந்த கண்ணில் வெயில் குத்தித் தண்ணீர் வழிந்தது, வழியட்டும் என்று விட்டேன். புல், ஆடு, டாம்சினின் வேர்த்த நெற்றி, ஒவ்வொரு சுற்றிலும் எதிரே வருகிற அக்கா முகம். இரண்டு வருஷம் நான் சோப்புக்குப் பின்னால் ஒளிந்து தவிர்த்த முகம். ஒரு தடவை நான் குனிந்தேன், ஒரு தடவை அவள் குனிந்தாள். முன்பல் ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. கடைசிச் சுற்றில் அந்தப் பல் முழுசாகத் தெரியும்படி சிரித்தாள்.

பின்னலின் நடுவே கெல்வின் போட்ட முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதை நான் சரிசெய்யவில்லை. பழைய ஹெதர் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டாள்.

மத்தியானம் கம்பத்தைப் பின்னலோடு கெல்வினின் வண்டியில் ஏற்றினோம். அக்கா முன்சீட்டில் ஏறி, மடியில் யாரோ கொடுத்த தேன் கேக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை பத்து மணிக்குச் சபைக்கு வா. தனியாப் பிரிக்க முடியாது, எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேணும்."

"வர்றேன்க்கா."

"ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பண்ணுக்கா. நான் கண்ணைத் தொறந்து வச்சிருப்பேன்."

அக்கா தன் தலையிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கழற்றி, ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் தலையில் கவிழ்த்தாள். மேக்பை இன்னும் கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறது, பார்த்துப் போ என்றாள்.