மஹியாவ இறக்கம்

என் அண்ணன் ஹென்றியின் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கில். மலையெல்லாம் காப்பி செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. இலைக்கு அடியில் மஞ்சள் தூள் பிடித்து, ஒரு தோட்டம் விடாமல் பட்டுப்போயிற்று. அண்ணன் கண்டியில், காப்பிக் கொட்டையைக் காயவைத்துத் தோலெடுக்கும் ஒரு ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தான். அவனுக்கு இருபத்து நான்கு வயது, எனக்குப் பதினேழு. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த இரண்டறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மடுல்கெல்லப் பக்கத்துத் துரை ஒருவர் தோட்டத்தை விட்டுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். அவருடைய சாமான்களெல்லாம் மாட்டுவண்டியில் ஸ்டோருக்கு வந்தன. அலுமாரி, கதிரை, புத்தகப் பெட்டி எல்லாம் கொழும்புக்குப் போயின. சைக்கிளை மட்டும் ரயிலில் எப்படி ஏற்றுவதென்று யாருக்கும் தெரியவில்லை. முன்னால் ஆள் மார்பளவுக்கு ஒரு சக்கரம், பின்னால் தட்டளவுக்கு ஒரு சக்கரம். ஏறி உட்கார்ந்தவன் குதிரை மேல் இருக்கிறவன் அளவுக்கு உயரமாக இருப்பான். ஒரு மாதம் தாழ்வாரத்தில் கிடந்த அதை, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று ஸ்டோர் துரை அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் அதை ஓட்டப் பழகியது வாவிக்கரை ரோட்டில். எத்தனை தடவை விழுந்தானென்று எனக்குக் கணக்கில்லை. முழங்கையில் மருந்து தடவுவதே எனக்கு வேலையாகப் போயிற்று. ஆனால் பழகியபிறகு அவன் போகிற அழகைப் பார்க்க, கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வருவார்கள். கொழும்புத் தெருவில் எண்ணெய்க்கடை வைத்திருந்த ஹபீல் நானா அதற்குச் சக்கரக் குதிரை என்று பேர் வைத்தார். அந்தப் பேரே ஊரில் நிலைத்துவிட்டது.

பொழுது சாய்ந்தபின் மஹியாவ மேட்டிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு இறங்குவதுதான் அண்ணனுக்கு உயிர். அந்த இறக்கத்தில் கால்கள் இரண்டையும் தூக்கிக் கைப்பிடிக்கு மேலே போட்டுக்கொள்வானாம். சக்கரம் தானாகச் சுற்றும். ரப்பர் பட்டை போட்ட சக்கரம் என்பதால் சத்தமே வராது. காதில் காற்று மட்டும்தான். ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டே திரும்பி வருவான். அவன் சட்டையில் காப்பித் தோலின் தூசியும் வியர்வையும் கலந்த வாசனை இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே, இன்று எந்த வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்பினேன் என்று எனக்குச் சொல்லுவான். ஸ்டோரில் ஒவ்வொருவராக வேலையிலிருந்து நின்றுகொண்டிருந்த காலம். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் அவன் முகத்தில் கவலை இருக்காது.

சைக்கிளோடு ஒரு லாம்பும் வந்திருந்தது. பெரிய சக்கரத்தின் அச்சில் கம்பிகளுக்கு நடுவே தொங்கவிடுகிற லாம்பு. முதல் வாரமே அண்ணன் அதைக் கழற்றிவிட்டான். போகும்போது கடகடவென்று ஆடுகிறது, காலில் எண்ணெய் சிந்துகிறது, மூன்றாவது குலுக்கலில் அணைந்தும் போகிறது என்றான். நிலா இருந்தால் லாம்பு எதற்கு, இல்லாவிட்டாலும் அந்த ரோட்டில் ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும் என்று சொல்லி அதை அடுப்படி மூலையில் வைத்தான். நானும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. கைவிளக்கோடு ஓடினேன். வண்டியில் வைக்கோல் மேல் ஒரு பெண் படுத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியாதபடி திரும்பியிருந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய புருஷன் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். உதடு கிழிந்து முன்பல் ஒன்று போயிருந்தது.

அவர்கள் பேர் அங்கம்மா, காளிமுத்து. ஹேவாஹெட்டவில் ஒரு காப்பித் தோட்டத்தை மூடிவிட்டதால், நாற்பது பேர் தங்களை வேலைக்குக் கூட்டி வந்த கங்காணியோடு, கடலுக்கு அக்கரையில் இருந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கண்டி வழியாக மாத்தளை, அங்கிருந்து காட்டுவழியாக நடந்து வடக்கே கடற்கரை, பிறகு தோணி. வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பார்கள். மஹியாவ இறக்கத்தில் வரிசையின் கடைசியில் தலையில் மூட்டையோடு நடந்தவள் அங்கம்மா. அண்ணன் பின்னாலிருந்து வந்து மோதியிருக்கிறான். சக்கரம் அவளைத் தள்ளிக் காலில் ஏறியது. அண்ணன் கைப்பிடிக்கு மேலால் பறந்துபோய் விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்கு வேண்டாமென்று காளிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. முறிவுக்குக் கட்டுப்போடுகிற சிங்கள வைத்தியர் ஒருவரை அண்ணன் அந்த வேளையிலேயே போய்க் கூட்டி வந்தான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது அங்கம்மா சத்தம் போடவில்லை. என் கையைத்தான் பிடித்திருந்தாள். மறுநாள் என் மணிக்கட்டு கறுத்துப்போயிருந்தது.

கூட்டம் காத்திருக்க முடியாது. கங்காணி விடியற்காலையில் ஆள் அனுப்பி, இவர்களுடைய இன்னொரு மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போகச் செய்தார். புருஷனும் பெஞ்சாதியும் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

அன்று காலை பொலிஸ்காரர் வந்தார். அவருக்கு முன்னாலேயே ஸ்டோரின் பெரிய கிளாக்கர் வந்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போயிருந்தார். பொலிஸ்காரர் கேட்டபோது, அந்தப் பொம்பிளை நடுரோட்டுக்கு வந்துவிட்டாள் என்று அண்ணன் சொன்னான். அவர்களிடமும் வெளிச்சம் இருக்கவில்லை என்றான். அது உண்மைதான். காளிமுத்து வாசற்படிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். அவரிடம் பொலிஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு பொலிஸ்காரர் போய்விட்டார்.

அந்த வீட்டில் அதற்குப்பின் வந்த மூன்று மாதங்களைப்போல வேறு மாதங்கள் எனக்கு வாய்க்கவில்லை. அம்மா போனபின் சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டதே அப்போதுதான். அங்கம்மாவுக்கு மதலேனா என்ற என் பேர் நாவில் வரவில்லை. மதலை என்று கூப்பிட்டாள். காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்தபடியே தேங்காய் துருவுவாள், வெங்காயம் உரிப்பாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். ஹேவாஹெட்ட மலை ஒரே இரவில் பூத்து வெள்ளையாகிவிடும் என்றும், அந்த வாசனையில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகள் தூங்காமல் அழும் என்றும் சொல்லுவாள். நான் பார்த்த காப்பியெல்லாம் ஸ்டோர் முற்றத்தில் காய்ந்த கொட்டைதான். பூவை அவள் சொல்லித்தான் பார்த்தேன். காளிமுத்து ஸ்டோரில் மூட்டை தூக்கப் போனார். எவ்வளவு கூப்பிட்டும் வீட்டுக்குள் வந்து சாப்பிடமாட்டார். தட்டை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் முற்றத்தைக் கொத்தி ஏதாவது நட்டு வைத்திருப்பார்.

அண்ணன் மட்டும் அந்த இருவரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை. மருந்து, எண்ணெய், பால் எல்லாம் ஒழுங்காக வரும். அவன் மட்டும் ஸ்டோரிலிருந்து நேரம் கழித்து வருவான்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் தலை பின்னும்போது நான் அங்கம்மாவிடம் கேட்டேன், ஏன் அக்கா நடுரோட்டுக்குப் போனீங்க என்று. அவள் கை நின்றுவிட்டது.

"நான் ஓரமாத்தான் வந்தேன் மதலை," என்றாள். "இருட்டுல எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது. மேட்டுப் பக்கத்து மண்ணை ஒரு கையால தொட்டுக்கிட்டேதான் வந்தேன். விழுந்தப்பவும் கை நிறைய மண்ணுதான் இருந்துச்சு."

அன்று அண்ணன் வந்ததும் சாப்பாடு போட்டேன். அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு, அவங்க ஓரமாத்தான் வந்திருக்காங்க அண்ணா என்றேன்.

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சும் ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

அவன் கையைக்கூடக் கழுவவில்லை. வேலை போய்விடும் என்று பெரிய கிளாக்கர் பயமுறுத்தினதைச் சொன்னான். ரோட்டோர மூங்கிலின் நிழலில் அவளைப் பார்க்கவே இல்லை என்றும், முன்னால் போனவர்களைப் பார்த்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் திருப்பியது தானேதான் என்றும் சொன்னான். அடுப்படி மூலையை ஒரு தடவை பார்த்தான். எனக்கு அவன்மேல் கோபமும் இருந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் பொலிசுக்குப் போனான். எழுதினது எழுதினதாக இருக்கட்டும், யாரும் முறைப்பாடு செய்யவில்லையே என்று பொலிஸ்காரர் சொல்லியிருக்கிறார். அண்ணன் பிடிவாதமாக நின்று மாற்றி எழுதவைத்தான். பிறகு விஷயம் நீதவானிடம் போயிற்று. இப்படிப்பட்ட வண்டிக்கு லாம்பு வேண்டுமென்று எங்காவது சட்டம் இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். மாட்டுவண்டிக்கு இருந்தது, குதிரைவண்டிக்கு இருந்தது, இதை எதில் சேர்ப்பதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் கவனமாகப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டார். தண்டனையை எதிர்பார்த்துப் போனவன் அது கிடைக்காமல் சோர்ந்துபோய்த் திரும்பி வந்தான்.

வந்தவன் உள்ளே வராமல் தாழ்வாரத்தில் காளிமுத்துவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நானும் அங்கம்மாவும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பிழை என்னுடையது, பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னான். அதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் முதன்முதலில் நீங்கள் என்றான்.

காளிமுத்து வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் கிளாக்கரய்யா. அவளுக்கு நாலடி முன்னாலதான நான் நடந்தேன். சொன்னா யாரு எழுதப்போறா?" பிறகு, "எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு பொட்டு வெளிச்சம் பின்னாலயிருந்து வந்திருந்தா, நான் திரும்பிப் பாத்திருப்பேன். அவளைக் கையப் பிடிச்சு இழுத்திருப்பேன். அவ்வளவுதான்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அங்கம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு வெளியே கேட்கும்படியாக, இருட்டில் உட்கார்ந்திருக்காமல் இரண்டு பேரும் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாள். அன்றுதான் காளிமுத்து வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

சித்திரை முடிவில் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் ஒரு விரலளவு குட்டையாகிவிட்டது. மாத்தளைக்கு ரயிலில் போனாலும் அதற்கப்பால் காட்டுவழி நடக்க அவளால் ஆகாது. காளிமுத்துவுக்கு ஊரில் தாயார் இருந்தாள். அண்ணன் விசாரித்ததில், நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் புதிதாகத் தேயிலை போட்ட ஒரு தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கம்மாதான் முடிவு செய்தாள். கொழுந்து பறிக்கக் கைதானே வேணும், கால் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மலைச்சரிவுக்கு அது வசதிதான் என்று சிரித்தாள். காளிமுத்து சிரிக்கவில்லை.

அவர்களை ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று வீட்டுக்குள் போக எனக்கு மனமே வரவில்லை. அங்கம்மா தன் பாயைச் சுருட்டி வைத்திருந்தாள். அந்த மூலையில் தேங்காய் எண்ணெய் வாசனை ஒரு வாரம் இருந்தது.

அண்ணன் சைக்கிளை விடவில்லை. ஆனால் லாம்பை மாட்டினான். கடகடச் சத்தத்துக்குத் துணி சுற்றினான், அணையாமலிருக்க ஹபீல் நானாவிடம் நல்ல திரி வாங்கினான். ஐந்தரை மணிக்கே, வெயில் இருக்கும்போதே கொளுத்திவிடுவான். கடைத்தெருவில் சிரித்தார்கள். மஹியாவ இறக்கத்தில் மட்டும் அவன் பிறகு ஒரு நாளும் ஏறிப் போகவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடப்பான். அடுத்த வருஷம் ஸ்டோரும் மூடப்பட்டது. அவன் அரசாங்கக் கச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தான், டொரதி அண்ணியைக் கட்டினான். பெரிய சக்கரத்துச் சைக்கிள்கள் போய் இரண்டு சக்கரமும் ஒரே அளவான சைக்கிள்கள் வந்தன. அவனுடையது துருப்பிடித்துக் கோழிக்கூட்டுக்குச் சாய்மானமாக நின்றது.

நாவலப்பிட்டிக்கு நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். அங்கம்மா ஸ்டேஷனுக்கே வந்துவிடுவாள். தூரத்திலிருந்தே அந்தச் சாய்ந்த நடையை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். காளிமுத்துவின் தாயார் மகனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அண்ணனுக்குத்தான் அது கடைசிவரை ஆறவில்லை.

அங்கம்மா இறந்துபோய்ப் பதினோரு வருஷமாகிறது. செய்தி வந்த அன்றே அண்ணன் ரயில் ஏறினான். எனக்கு உடம்பு சரியில்லாததால் போக முடியவில்லை. மூன்று நாள் லயத்தில் தங்கிவிட்டு வந்தான். அங்கே வந்திருந்தவர்களில் யாரோ, கோட்டுப் போட்ட இந்த ஐயா யார் என்று கேட்டார்களாம். காளிமுத்து, "எங்க தம்பி, கண்டியில இருக்காரு," என்று மட்டும் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவனுக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினேன்.