டிவியில் என் ரவிக்கை

தீபாவளி சிறப்பு நிகழ்ச்சியை நடத்திய பெண் போட்டிருந்தது நான் தைத்த ரவிக்கை. பாக்கார் ஆராங்கில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைவிடப் பெரிதாக என்ன நடந்துவிடப் போகிறது? முதுகில் இரண்டு மயில், கையோரம் முழுக்க ஜரிகை. தெரிந்தவர் மூலம் கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

நிகழ்ச்சி ஓடிய காலையில் நாங்கள் கோயிலில் இருந்தோம். அதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும் என்றார் என் கணவர் ரவிச்சந்திரன். மதியம் எங்கள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், யார் வந்தாலும் தீபாவளி விருந்து. வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டலாம். முக்கியமாக என் நாத்தனார் லோகேஸ்வரிக்கு. யான் என்கிற ஊரில் இருக்கும் அண்ணி, ரவிக்கை தைக்க ஜித்ரா வரைக்கும் போவார். தம்பி பெண்டாட்டியிடம் மட்டும் கொடுக்கமாட்டார். பத்தொன்பது வருஷமாக அது எனக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

முப்பது பேர் உட்கார்ந்த பிறகு பதிவைப் போட்டோம். படமா அது? முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மயில் இருந்த இடத்தில் கீரை மசியலை அப்பியதுபோல் ஏதோ பச்சையாகத் தெரிந்தது.

"இது மயிலா, உமா?" என்றார் அண்ணி.

"மயில்தான் அண்ணி. படம் சரியில்ல."

"என்னமோ. யாரு தச்சதுன்னே தெரியல," என்று நெய் உருண்டைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

மற்றவர்கள், "நல்லாத்தான் இருக்குலா," என்றார்கள், டிவியைப் பார்க்காமலே. ஆளுக்கொரு போன், போனில் ஆளுக்கொரு படம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிவியைத் தூக்கி வாசலில் வைத்திருப்பேன்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு, மனசு கேட்காமல் மறுபடி போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. மயில் கண்ணில் வைத்துத் தைத்த மணிகூடத் தெரிந்தது.

"பதிவு நம்ம டிவி பெட்டிக்குள்ள இல்ல, கிளவுட்ல இருக்கு. வைஃபை வழியாத்தான் வரணும்," என்றார் கணவர். "வந்தவங்க எல்லாருக்கும் பாஸ்வேர்ட் கொடுத்தது யாரு?"

நான்தான். பலகாரம் கொடுக்கிற வீட்டில் வைஃபை இல்லை என்று சொல்ல வாய் வருமா?

அண்ணிக்குப் போன் அடித்தேன். பக்கத்துப் பெட்ரோல் ஸ்டேஷனில்தான் இருந்தார்.

"அண்ணி, இப்ப கிளியரா இருக்கு. ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க."

"சரி இரு, காடிய திருப்புறேன்."

போனை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், டிவியில் அந்தப் பெண் கையைத் தூக்கி ஆட்டினாள். அக்குளுக்குக் கீழே தையல் பிரிந்து, ஊக்கு குத்தியிருந்தது.

அவள் அனுப்பிய அளவு சரிதான். டிவியில் ஒல்லியாகத்தானே தெரிகிறாள் என்று நான்தான் ஓர் அங்குலம் குறைத்து வெட்டினேன்.

"உங்க போன்ல ஏதாச்சும் படத்த போடுங்க. லேப்டாப்பயும் தொறங்க. சீக்கிரம்."

"எதுக்கு?"

"இந்தப் படம் கெடணும்."

இரண்டு போன், ஒரு லேப்டாப், மகளின் டேப்லெட் எல்லாவற்றையும் ஓடவிட்டோம். படம் அசைந்து கொடுக்கவில்லை. முப்பது பேர் செய்த வேலையை இரண்டு பேரால் செய்ய முடியுமா? வாசலில் கார் வந்து நின்றது.

அண்ணி நின்றபடியே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். அவர் கண்ணுக்கு எது தப்பும்?

"பிரிஞ்சிருச்சே."

"என் தப்புதான் அண்ணி. இறுக்கி வெட்டிட்டேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் ஒப்புக்கொண்ட முதல் தப்பு. அவமானத்தில் அழுகை முட்டியது.

"டிவிக்காரிக்கு மாத்திக்க வேற ப்ளவுஸா இருந்திருக்காது?" என்றார் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊக்க குத்திக்கிட்டாவது இததான் போடுவேன்னு போட்டிருக்கா."

அண்ணி கைப்பையைச் சோபாவில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இஞ்ச் டேப்ப எடு. எனக்கும் கொறச்சி வெட்டிராத."